ரெட்வுட் காட்டை இரண்டு முறை எண்ணிய கதை

போன மாதம் என் பழைய ஆபீசிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்தவள். இப்போதெல்லாம் யாரும் நடந்து போய் மரம் எண்ணுவதில்லையாம். விமானத்தில் லேசர் கருவியை வைத்துக் காட்டின் மேல் பறந்தால் நாற்பது நிமிடத்தில் மொத்தக் காடும் கம்ப்யூட்டருக்குள் வந்துவிடுகிறதாம். அதோடு ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய பெட்டிகளைத் திறந்தபோது, சான்டா குரூஸ் மலையில் ரெட்வுட் என்ற ராட்சத மரங்கள் நிற்கும் காடு ஒன்றின் பெட்டியில் இரண்டு கட்டு அட்டைகள் இருந்திருக்கின்றன. ஒவ்வொரு கட்டிலும் அறுபத்து நான்கு. முதல் கட்டின் எல்லா அட்டைகளிலும் குறுக்கே ஒரு கோடு இழுத்து, கீழே நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எதற்கு இரண்டு கட்டு என்று கேட்டாள்.

பதினொரு நிமிடம் பதில் சொன்னேன். போனை வைத்த பிறகு நான்கு விஷயங்களை விட்டுவிட்டது தெரிந்தது. திரும்பக் கூப்பிட்டுச் சொல்லலாமா, தொந்தரவாக நினைப்பாளோ என்று இரண்டு நாள் யோசித்தேன். நம் தமிழ்ச் சங்க மலருக்கு எழுதச் சொல்லி மூன்று வருடமாகக் கேட்கிறார்கள். ஆகவே விட்டதையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

ஊரில் தாவரவியல் படித்தேன், வனத்துறையில் நான்கு வருடம் இருந்தேன், மேற்படிப்புக்கு இங்கே கலிபோர்னியாவுக்கு வந்தேன், பட்டம் வாங்கினேன், காடுகளை அளந்து கொடுக்கும் ஒரு சிறிய சர்வே ஆபீசில் சேர்ந்தேன். மொத்தம் எட்டு பேர் வேலை பார்த்த ஆபீஸ். முப்பத்தொரு வருடம் அங்கேயே இருந்துவிட்டேன்.

எண்பதுகளில், கம்ப்யூட்டர் கம்பெனிகள் நிறைந்த சான்டா கிளாராவில் தமிழர் வீட்டு விசேஷங்களுக்குப் போவது எனக்குக் கொஞ்சம் சங்கடம். முதல் கேள்வியே எந்த கம்பெனி என்பதுதான். ஒரு பிறந்தநாள் விருந்தில் ஒருவர் கேட்டபோது, ட்ரீ கவுன்ட் பண்றேன் என்றேன். அவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, "பைனரி ட்ரீயா சார்?" என்றார். இல்லை, ரெட்வுட் என்றேன். அப்படி ஒரு புது சாஃப்ட்வேர் வந்திருப்பதாக அவர் இன்னொருவரிடம் சொன்னதை நானே கேட்டேன்.

எங்கள் மேலதிகாரியின் பெயர் எவன்ஸ். வீட்டில் நான் "எவன்ஸ் கூப்பிட்டார்" என்று சொன்னால் என் மனைவி பத்மா அடுப்படியிலிருந்தே "எவன்?" என்பாள். நான் அவரிடம் வேலை பார்த்த ஒன்பது வருடமும் இந்த ஜோக் அவளுக்கு அலுக்கவில்லை. எவன்ஸ் வேல்ஸ் தேசத்துக்காரர். ஆறடி இரண்டு அங்குலம். எல்லோரும் எல்லோரையும் முதல் பெயரால் கூப்பிடும் கலிபோர்னியாவில் அவர் மட்டும் என்னை மிஸ்டர் சுந்தரம் என்பார். கத்தமாட்டார். தப்புச் செய்தால் நம் பக்கத்தில் வந்து நின்று, நாமே கண்டுபிடிக்கும்வரை அட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதற்குக் கத்தலே தேவலை.

அவருக்கு நான்கு விதிகள். பென்சிலால் எழுத வேண்டும், அழிக்கக் கூடாது, அடிக்கலாம். ஒவ்வொரு இடத்திலும் எண்ணி முடித்ததும், எழுதுகிறவர் மொத்தத்தை வாய்விட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும், எண்ணியவர் ஆமோதிக்க வேண்டும். காடு முழுவதும் முடியும்வரை யாரும் கூட்டிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கண் ஒரு பக்கம் சாயும் என்பார். நான்காவது, எண்ணத் தொடங்குவதற்கு முன் ஒரு நாள் முழுவதும் பென்சில் இல்லாமல் காட்டையும் அதன் சுற்றுப்புறத்தையும் நடந்து பார்க்க வேண்டும்.

அந்தக் காடு நூற்று அறுபது ஏக்கர். சொந்தக்காரர்கள் ஒரு மரக் கம்பெனி. அதை வாங்கிப் பூங்காவாக வைத்துக்கொள்ள மாவட்ட நிர்வாகம் தயாராக இருந்தது. ஆனால் பணம் கொடுக்கும் அறக்கட்டளை ஒரு நிபந்தனை போட்டிருந்தது: அது உண்மையிலேயே வெட்டுப்படாத பழங்காடு என்று எண்ணிக்கையால் நிரூபிக்க வேண்டும். காட்டில் அறுபத்து நான்கு இடங்களில் எண்ணி, சராசரியாக ஓரிடத்துக்கு ஏழு ரெட்வுட் வந்தால் வாங்குவார்கள். குறைந்தால் வசந்தத்தில் கம்பெனி ரம்பத்தை எடுத்துவிடும். இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்ட நடுநிலை ஆபீஸ் எங்களுடையது.

முதல் நாள் நானும் எவன்ஸும் சுற்றி வந்தோம். மேலே மலைச்சாலை. அதையொட்டி ஓர் ஆப்பிள் தோட்டம், தானே பறித்து விற்கும் ஒரு வயதான தம்பதி. பழம் வாங்காமல் அந்தம்மாள் எங்களை விடவில்லை. எனக்கு ஐந்து, எவன்ஸுக்கு ஆறு. இறங்கினால் மூடிப்போன ஒரு மர மில், துருப்பிடித்த பாய்லரின் வயிற்றுக்குள் செடிகள். அதைச் சுற்றி நூறு வருடத்துக்கு முன் வெட்டிய அடிமரங்கள். ஆட்கள் பலகை செருகி ஏறி நின்ற பள்ளங்கள் இரண்டு கண்கள் போல இருந்தன. ஓடையைத் தாண்டியதும் வெட்டாத காடு தொடங்கியது. தொடங்கிய இடத்தில் சத்தம் நின்றது. உச்சியில் தங்கிய பனி கீழே சொட்டுவது மட்டும் கேட்டது. தொப்பியைக் கழற்றாமல் உச்சியைப் பார்க்க முடியவில்லை.

எவன்ஸ் அங்கே ஒரு கட்டையில் உட்கார்ந்து ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டு, தன் ஊர்ப் பக்கத்துக் காட்டைப் பற்றிச் சொன்னார். எட்டு வருடத்தில் அவர் ஊரைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. ஓக் மரங்கள். ஒன்றும் மாடி வீட்டு உயரம் தாண்டாது. மழையிலும் காற்றிலும் முறுக்கிக்கொண்டு நிற்கும், கிளையெல்லாம் பாசி, பாசியின் மேல் பெரணி. சுற்றிலும் கல் சுவர் வைத்த ஆட்டு மேய்ச்சல். ஒரு மணி நேரத்தில் முழுக் காட்டையும் சுற்றி வந்துவிடலாம். இங்கே ஒரு மரத்தின் கிளை அங்கே ஒரு மரம் என்றார். அப்படியானால் அதை எப்படிப் பழங்காடு என்கிறீர்கள் என்று கேட்டேன். அங்கே ஓக் விதை விழுந்து ஓக் முளைப்பது ஒரு வருடம்கூட நிற்காமல் நடந்திருக்கிறது, பழசு என்றால் அதுதான், பெரிசு என்பது வேறு என்றார். இந்தக் காடு பிழைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசையா என்று மட்டும் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் திரும்பி வரும்போது அடிமரங்கள் இருந்த வழியை விட்டுச் சுற்று வழியில் நடந்தார்.

எண்ணுவதற்கு எனக்கு ஒரு கூட்டாள் வேண்டியிருந்தது. அந்த வருடம் சிப் கம்பெனிகளில் ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். அப்படி வெளியே வந்தவர் அருள்தாஸ், சென்னை பெரம்பூர்க்காரர், என்னைவிட ஆறு வயது இளையவர். மனைவி நர்ஸ், அவர் மூலம் கிரீன் கார்டு இருந்தது. சர்ச்சில் யாரோ என் பெயரைச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மணிக்கணக்குக் கூலிதான், மலையேற வேண்டும் என்று எச்சரித்தேன். "வீட்ல சோபால உட்கார்ந்து ரெஸ்யூமே டைப் பண்றதுக்கு இது எவ்வளவோ தேவலை சார்" என்றார்.

வேலையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். காடு சதுரமாக இருந்தது. எட்டுக்கு எட்டு, சதுரங்கப் பலகை மாதிரி, முந்நூற்று முப்பது அடிக்கு ஒரு குச்சி நட்டோம். அந்தத் தூரம் எவன்ஸுக்கு நூற்றுப் பத்து தப்படி, எனக்கு நூற்று முப்பத்திரண்டு. ஒவ்வொரு குச்சிக்கு மேலும் ஒரு சின்னக் கண்ணாடிப் பட்டையைப் பிடித்துக்கொண்டு, வடக்கிலிருந்து தொடங்கி ஒரு முழு வட்டம் சுற்ற வேண்டும். நாம்தான் கண்ணாடியைச் சுற்ற வேண்டும். கண்ணாடி குச்சியை விட்டு நகரக் கூடாது. அதன் வழியாகப் பார்த்தால் மரத்தின் நடுவில் ஒரு துண்டு பக்கவாட்டில் விலகித் தெரியும். விலகிய துண்டு மரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த மரம் கணக்கில் சேரும். தனியாகப் பிரிந்து போனால் சேராது. பிரிந்தும் பிரியாமலும் இருந்தால் டேப்பை எடுக்க வேண்டும். மார்பளவு உயரத்தில் பார்க்க வேண்டும் என்பது சட்டம். மார்பளவு என்றால் நாலரை அடி. எவன்ஸுக்கு அது மார்பு, எனக்கு மோவாய்.

நான் கண்ணாடியில் பார்த்து எண்ணுவேன். அருள் என் குரலுக்கு ஒரு புள்ளி வைப்பார். நான்கு மூலைக்கு நான்கு புள்ளி, அவற்றை இணைக்க நான்கு கோடு, குறுக்கே இரண்டு. ஒரு பெட்டி நிறைந்தால் பத்து.

பதினாறு நாட்கள் அப்படிப் போயின. என் உத்தியோகத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் வேலை பார்த்ததில்லை. எட்டு வருடமாகக் காட்டுக்குள் ஆங்கிலம் பேசியே பழகியவனுக்குத் தமிழ் பேச ஓர் ஆள். ஓடில்லாத, மஞ்சள் நிற வாழைப்பழ நத்தையை அருள் முதல் முறை பார்த்தபோது, யாரோ பழத்தைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று குனிந்து எடுக்கப்போனார். விஷ ஓக் செடியை நான் காட்டிக் கொடுத்தேன். காட்டிய என் கைதான் தடித்தது. ஒரு குச்சிக்கும் அடுத்த குச்சிக்கும் இடையே பேசுவதற்கு எப்போதும் விஷயம் மிச்சம் இருந்தது. அந்தப் பேச்சில் எவன்ஸின் இரண்டாவது விதி எந்த நாளில் நழுவியது என்று எனக்கே தெரியாது. மொத்தத்தை அருள் திருப்பிச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பதினேழாம் நாள் ஆபீசில் எவன்ஸ் கூட்டினார். மூன்று முறை கூட்டுவது அவர் வழக்கம். மூன்று முறையும் நானூற்று ஒன்று வந்தது. நானூற்று நாற்பத்தெட்டு வேண்டும். எவன்ஸ் ஒரு கோப்பை டீ ஊற்றினார், குடிக்காமல் வைத்துவிட்டார்.

மறுநாள் அறிக்கை எழுத அட்டைகளை நான் வரிசைப்படுத்தினேன். முப்பத்தெட்டாம் குச்சியின் அட்டை காலியாக இருந்தது. ஒரு மரமும் இல்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. அறுபத்து நான்கு குச்சியில் புல்வெளியில் நட்ட ஒன்றில் மட்டும்தான் மரம் இல்லாமல் இருந்தது. அது ஐந்தாம் குச்சி. அருளைக் கூப்பிட்டேன்.

"அருள், முப்பத்தெட்டாம் குச்சியில நாம என்ன பண்ணினோம்?"

"லஞ்ச் சாப்பிட்டோம். உங்க வீட்டுப் புளியோதரை. நான் ரெண்டு தடவை கேட்டு வாங்கினேன்."

"எதுல சாஞ்சு உட்கார்ந்தோம்?"

"மரத்துலதான். அங்க இருந்ததே அந்த ஒரு மரம்தானே."

"அப்ப கார்டுல ஏன் மரம் இல்ல?"

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீங்க சொல்லலியே சார். லாபம்னு ஸ்டார்ட் பண்ணீங்க, சுத்தி வந்தீங்க, அவ்ளோதான்னீங்க."

"லாபம்னா ஒண்ணுய்யா."

"லாபம்னா ப்ராஃபிட் சார்."

நான் உட்கார்ந்துவிட்டேன். என் அப்பா மன்னார்குடிப் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் நெல் அளந்தவர். எங்கள் பக்கத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லமாட்டார்கள். லாபம் என்பார்கள், பிறகு ரெண்டு, மூணு. தமிழில் எதை எண்ணினாலும் என் வாய் லாபத்தில்தான் தொடங்கும். பல் தேய்ப்பதுபோல, செய்கிறோம் என்ற நினைப்பே இருக்காது. வெள்ளைக்காரர்களோடு வேலை பார்த்தபோது ஆங்கிலத்தில் எண்ணினேன், வம்பில்லை. பெரம்பூரில் நெல்லை யார் அளந்தார்கள்?

"நீங்க கொஞ்சம் சென்டிமென்ட் பார்க்கிற ஆளு, சாமிய நெனச்சுட்டு ஆரம்பிக்கிறீங்கன்னு நெனச்சேன்" என்றார் அருள். குரலுக்கு ஒரு புள்ளி என்று வைத்ததில், நான் சொன்ன எண்ணை அவர் கவனிக்கவே இல்லை, ரெண்டிலிருந்துதான் புள்ளி வைத்திருக்கிறார். ஐந்தாம் குச்சி தவிர, அறுபத்து மூன்று குச்சிகளிலும்.

அறுபத்து மூன்றைச் சேர்த்தால் நானூற்று அறுபத்து நான்கு. காடு பிழைத்துவிடும். அந்தக் கூட்டலை மனதில் போட்டபோது எனக்கு வந்த சந்தோஷம் எவ்வளவோ, எவன்ஸிடம் போய்ச் சொல்ல வேண்டுமே என்ற பயமும் அவ்வளவு. விதியை மீறியவன் நான். எண்ணத் தெரியாதவன் என்று பெயர் வாங்கினால் அந்தத் தொழிலில் வேறு என்ன மிச்சம்?

சொன்னேன். அருளும் கூடவே வந்து நின்றார். எவன்ஸ் அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். அவர் வாயில் அது "லேபம்" என்று வந்தது. வெகுநேரம் அட்டையைப் பார்த்தார். பிறகு, அவர் தாய்மொழியான வெல்ஷில் பழைய கணக்குப்படி பதினெட்டுக்கு இரண்டு ஒன்பது என்று பெயர் என்றார். முதல் வேலையில் ஓர் ஆங்கிலேய குமாஸ்தாவுக்கு மரம் எண்ணிச் சொன்னபோது, அவசரத்தில் அதை அப்படியே ஆங்கிலமாக்கி டூ நைன்ஸ் என்றிருக்கிறார். குமாஸ்தா இருபத்தொன்பது என்று எழுதிவிட்டார். இல்லாத பதினோரு மரங்களை விற்றோம் என்று சொல்லி எவன்ஸ் சிரித்தார். அவர் பல் எனக்குத் தெரிந்தது அன்றுதான்.

தைரியம் வந்து, அறுபத்து மூன்றைச் சேர்த்துவிடலாமா என்று கேட்டேன். சிரிப்பு போய்விட்டது.

"நீங்கள் பார்த்ததை அவர் எழுதவில்லை, மிஸ்டர் சுந்தரம். எழுதாததை நாம் பார்க்கவில்லை."

அடிக்கச் சொன்னார். அறுபத்து நான்கு அட்டையிலும் ஒவ்வொரு கோடு, ஒவ்வொரு கையெழுத்து. கிழிக்கவோ எறியவோ கூடாது. என் எதிரிலேயே இரண்டு தரப்புக்கும் போன் போட்டு, காரணத்தை ஒளிக்காமல் சொன்னார். மரக் கம்பெனிக்காரர் அந்தச் சொல்லுக்கு ஸ்பெல்லிங் கேட்டாராம். கெடு முடிய ஒன்பது வேலை நாள் இருந்தது.

ஒன்பது நாளும் எவன்ஸே எழுத வந்தார். அவருக்கு அறுபத்தொரு வயது. சரிவில் இறங்கும்போது முழங்கால் சொடுக்குவது எனக்குக் கேட்கும். நாள் ஒன்றுக்கு எத்தனை என்று எண்ணி வைத்திருந்தேன், இங்கே வேண்டாம். அருள் முன்னால் போய்க் குச்சிகளைக் கண்டுபிடித்தார். நான் ஆங்கிலத்தில் எண்ணினேன். ஒவ்வொரு குச்சியிலும் வடக்கே திரும்பி முதல் மரத்தைப் பார்த்ததும் நாக்கு ஒரு கணம் நிற்கும். எவன்ஸ் பென்சிலோடு காத்திருப்பார். "ஒன்" என்பேன். ஒரு புள்ளி விழும். முடிந்ததும் மொத்தத்தைத் திருப்பிச் சொல்வார். நான் ஆமோதித்த பிறகுதான் காலை எடுத்து வைப்பார்.

சந்தேக மரங்களையெல்லாம் டேப்பால் அளந்தோம். ஐம்பத்திரண்டாம் குச்சியில் ஒரு மரம், குறுக்களவு சரியாக அறுபது அங்குலம். அந்தப் பருமனுக்கு எண்பத்திரண்டடி ஆறு அங்குலத்துக்குள் இருந்தால் சேரும். டேப் எண்பத்திரண்டடி ஒன்பது காட்டியது. டேப் ஒரு கிளையில் சிக்கியிருக்குமோ என்றேன். எவன்ஸ் மறுமுனையிலிருந்து ஓடை தாண்டி ஏறி வந்து, டேப்பை முழுவதும் பார்த்துவிட்டு, திரும்பப் போய்ப் பிடித்தார். அதே ஒன்பது. "அவுட்" என்றார். அந்த ஒரு சொல்லை அவர் சொன்ன விதத்தில், இந்தக் காடு பிழைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை என்பது எனக்கு உறுதியானது.

ஒன்பதாம் நாள் மாலை ஆபீசில் கூட்டினார். மூன்று முறையும் நானூற்று ஐம்பத்தொன்பது. வேண்டியதற்கு மேல் பதினொன்று. அருள் என் முதுகில் அறைந்தார். எவன்ஸ் டீயைக் குடித்தார்.

ஆனால் மரக் கம்பெனி சும்மா விடவில்லை. ஒரு முறை தப்பாக எண்ணியவர்கள் மறுமுறையும் தப்பாக எண்ணலாம் அல்லவா? நியாயம்தான். தங்கள் ஆளை அனுப்பிப் பத்துக் குச்சிகளைச் சரிபார்ப்போம் என்றார்கள். வந்தவர் செங்கல் நிறத் தொப்பி போட்ட ஒரு பெரிய மனிதர். சீட்டுகளைத் தொப்பியில் போட்டுப் பத்தை எடுத்தார். அந்தப் பத்தில் எங்கள் மொத்தம் எழுபத்தொன்று. அவர் நாள் முழுவதும் எண்ணினார். நான் ஒவ்வொரு குச்சியிலும் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அட்டைகளை அடுக்கிக்கொண்டு, "உங்கள் கணக்கு தப்பு" என்றார்.

எவ்வளவு என்று எவன்ஸ் கேட்டார்.

"எழுபத்திரண்டு. ஒன்றை விட்டுவிட்டீர்கள். பத்தொன்பதாம் குச்சி. உங்களுக்கு ஒன்பது, எனக்குப் பத்து."

அது இருக்க முடியாது, பத்தொன்பதில் நான் இரண்டு சுற்று வந்தேன் என்று வாயைத் திறந்தேன். எவன்ஸின் பூட்ஸ் என் பூட்ஸின் மேல் ஏறியது. அந்தப் பெரிய மனிதர் கையெழுத்துப் போட்டு, மலைச்சாலைக்கு ஏறி, காரில் போகும்வரை அது இறங்கவில்லை. இரண்டு மாதத்தில் காடு பூங்காவாயிற்று. அருளுக்கு அதற்குள் வேறு கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. அங்கே மீட்டிங்கில் முதல் பாயின்ட்டை லாபம் என்றுதான் ஆரம்பிக்கிறாராம், யாரும் காரணம் கேட்கவில்லையாம்.

எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் அந்தப் பத்தாவது மரம் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்குக் காட்டைக் காட்டுவதாகச் சொன்னேன், அவள் நம்பவில்லை. பத்தொன்பதாம் குச்சியில் கண்ணாடியைப் பிடித்துச் சுற்றினேன். ஒன்பது. மறுபடி சுற்றினேன். ஒன்பதுதான். அந்தப் பெரிய மனிதர்தான் தப்பு என்று ஆபீசுக்கு ஒரு குறிப்பு எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, இது யாரோடது?" என்று பத்மாவின் குரல் கேட்டது. ஆளைக் காணோம். என் நான்காவது மரம் பத்தடி அகலம். அதன் பின்னாலிருந்து பேசினாள். போய்ப் பார்த்தேன். அதன் நிழல்போல, குச்சிக்கு நேர்கோட்டில், இன்னொரு மரம். மறைவில் மரம் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பக்கவாட்டில் நகர்ந்து பார்க்க வேண்டும். அருளுக்கு முதல் நாளே நான் சொல்லிக் கொடுத்த பாடம் அது.

டேப்பின் ஒரு முனையை அவளிடம் கொடுத்துச் சுற்றி வந்தேன். சுற்றளவு இருபத்து நான்கு அடி. அகலம் ஏழரை அடிக்கு மேல். பத்மா அண்ணாந்து பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"நம்ம கிச்சனைவிடப் பெரிசா இருக்கு. இதைப் போய் எப்படிங்க விட்டீங்க?"

எவன்ஸ்கூட என்னை அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.